சிக்கனமும் பிறர் செலவும்

வியாபாரம் செய்வோனுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது, நம் வீடுகளில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கத் தொடங்கும் முன்னரே காதில் விழுந்து பழகும் பேச்சு. கயிற்றுத் துண்டை எறியாமல் முடிந்து வைப்பதும், வெறுஞ் சாக்கை உதறி மடித்து வைப்பதும் நம் கடைகளில் கணக்குக்கு முந்திய பாடங்கள். ஆகவே, சிக்கனம் நல்லதா என்பது நமக்குக் கேள்வியே அன்று. எது சிக்கனம், எது சிக்கனம்போல் தோன்றும் வேறொன்று என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியை இப்பொழுது நம் முன் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது ஒரு சிறு பொருள். சட்டைப் பையில் கிடக்கும் கைத்தொலைபேசி. மாதந்தோறும் அதற்குக் கட்டிவரும் பெருங்கட்டணத் திட்டத்தை விட்டுவிட்டு, மிகக் குறைந்த கட்டணத் திட்டமொன்றுக்கு மாறிக்கொண்டு, பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் வீட்டிலும் கடையிலும் போகுமிடங்களிலும் உள்ள வைஃபையை நம்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வர்த்தகர் பலருக்கு உண்டு. மாதம் 80 வெள்ளி கட்டியவர் 30 வெள்ளித் திட்டத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 50 வெள்ளி மிச்சம். ஆண்டுக்கு 600 வெள்ளி மிச்சம். கடையில் வேலை செய்யும் நால்வருக்கும் நாமே கட்டணம் கட்டுவோமாயின், மிச்சம் இன்னும் பெருகும். இதை வேண்டாமென்று தள்ளுகிற வியாபாரி யார்?

தள்ள வேண்டுமென்று நாமும் சொல்ல வரவில்லை. ஆனால், எந்தச் சரக்கும் மலிவாகக் கிடைக்கும்போது, அது ஏன் மலிவாக வருகிறது என்று ஒரு நொடி நின்று விசாரிப்பது நம் தொழிலின் முதற் பாடமல்லவா? அந்த விசாரணையைத்தான் இங்கே செய்ய விரும்புகிறோம்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணமாகக் கைத்தொலைபேசி டவர் வழியாகப் பேசுகிறது. டவருக்கு நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், அலைவரிசைக்கு அரசாங்க அனுமதி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். அச்செலவெல்லாம் நாம் கட்டும் கட்டணத்தில் அடங்கியிருக்கிறது. வைஃபை என்பதோ வேறு வழி. கம்பி மூலம் கடைக்கு வந்து சேரும் இண்டர்நெட்டை ஒரு சிறு பெட்டி வாங்கி, சுவர்களுக்குள் பரப்புகிறது. அதற்கு நாம் மாதக் கட்டணம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். பேசினாலும் அதே கட்டணம், பேசாவிட்டாலும் அதே கட்டணம்.

இவ்வழியில் பேசுவதிலும் இரண்டு வகை உண்டு. வாட்ஸ்அப் போன்றவற்றால் பேசுவது ஒன்று. அதற்கு இரு பக்கத்திலும் அதே ஏற்பாடும் இண்டர்நெட்டும் இருக்க வேண்டும். தொலைபேசிக் கம்பெனியே நம் வழக்கமான எண்ணை வைஃபை மீது ஏற்றிப் பேசவைப்பது மற்றொன்று. நம் குரல் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, பூட்டப்பட்டு, இண்டர்நெட் வழியே கம்பெனியின் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மறுபக்கத்துத் தொலைபேசியில் வழக்கம்போல் மணியடிக்கும். இந்தியாவில் ஏர்டெல் கம்பெனி 2019 டிசம்பரிலும் ஜியோ கம்பெனி 2020 ஜனவரியிலும் இவ்வசதியைத் தொடங்கின. மலேசியக் கம்பெனிகளும் இதை அளிக்கின்றன.

இதில் கிடைக்கும் மிச்சம் நேர்மையானதே. கருவாடு ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போன லாரி வெறுமையாகத் திரும்புவதைக் காட்டிலும், வரும் வழியில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினால் யாருக்கு நஷ்டம்? ஓடவேண்டிய ஓட்டம் எப்படியும் ஓடுகிறது; அதன்மேல் இன்னொரு பயனும் சேர்கிறது. சொந்த வைஃபையில் பேசுவதும் அத்தகையதே.

மலிவு விலைக் கம்பெனிகளையும் நாம் குறைகூற இடமில்லை. டியூன் டாக் 2009-லும் ரெட் ஒன் 2012-லும் இந்நாட்டில் வியாபாரம் தொடங்கியபோது, சொந்தமாக டவர் கட்டவில்லை. செல்காம் கட்டிய வலையில் இடம் வாங்கிச் சிறு திட்டங்களாக விற்றன. (அந்தச் செல்காமே 2022-இல் டிஜியுடன் இணைந்து ஒரே கம்பெனியாயிற்று.) மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்பதை நாமே குறைசொன்னால், நம் பாட்டன் பூட்டன் செய்த தொழிலைக் குறைசொன்னவர்களாவோம்.

அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு நவம்பரில் ரிபப்ளிக் வயர்லெஸ் என்ற கம்பெனி இந்த எண்ணத்தை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோனது. மாதம் 19 டாலர் கட்டினால் போதும், அளவின்றிப் பேசலாம் என்று அது அறிவித்தது. அதன் தொலைபேசி முதலில் வைஃபையைத் தேடும். கிடைக்காத இடத்தில் மட்டும் டவரை நாடும். ஆனால் அதே கம்பெனி, டவரை அதிகமாக நாடுகிறவர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற பொருள்படத் தொடக்கத்தில் ஒரு விதியும் வைத்தது. அளவின்றி என்று சொல்லிவிட்டு அளவு வைப்பதா என்ற பேச்சு எழ, சில வாரங்களிலேயே அவ்விதியைக் கைவிட்டது. 2021-இல் அக்கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அந்த 19 டாலருக்குள் கம்பெனியின் செலவு மட்டுமே அடங்கியிருந்தது. வாடிக்கையாளர் வீட்டிலும், அலுவலகத்திலும், காப்பிக் கடையிலும் இருந்த வைஃபையின் செலவு அதற்குள் அடங்கவில்லை. அது இல்லாமற் போகவில்லை. வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டது. மலிவுத் திட்டத்தை நாடுகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது: குறைந்துபோன அந்தச் செலவு மெய்யாகவே குறைந்ததா, அல்லது இன்னொருவர் பேரேட்டில் பற்று எழுதப்பட்டிருக்கிறதா?

பேரேடு யாருடையது?

முதலில், நாம் உபயோகிக்கும் வைஃபை யாருடையது என்று பார்ப்போம். நம் வீட்டில், நம் கடையில் உள்ளதானால் பேச்சில்லை. ஆனால் இத்தகைய திட்டத்துக்கு மாறியவர் வீட்டுக்கும் கடைக்கும் இடையிலும் நடமாட வேண்டியவரே. அவ்விடங்களில் அவர் கண் எதைத் தேடுகிறது?

நாசிக் கண்டார் கடையில் சுவரில் கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் விரித்த பாய். சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் பேசிவிட்டுப் போவதை எந்தக் கடைக்காரரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு குவளைத் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் அம்மேசையையே தம் அலுவலகமாக்கிக்கொள்கிறவர் எதை மிச்சம் பிடிக்கிறார்? பசியோடு வந்து இடமில்லாமல் திரும்பிப் போனவர் கொடுத்திருக்கக்கூடிய காசையும் சேர்த்துத்தான் அவர் மிச்சம் பிடிக்கிறார். இதைப் படிப்போரில் அத்தகைய கடை நடத்துவோர் பலர் உண்டு. அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அண்டை வீட்டுச் சிறுவனிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்வோரும் உண்டு. சிறுவன் கொடுத்தான், சரி. கட்டணம் கட்டும் அவன் தகப்பனாருக்குத் தெரியுமா? பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் உள்ள வைஃபையோ இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஒரு பொருளைப் பொதுவுக்கென்று கொடுத்தவர் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ, அந்த நோக்கத்துக்கே அதை ஆள வேண்டும் என்பது வக்ஃபு விஷயத்தில் நாமனைவரும் அறிந்த முறை. பிள்ளைகள் படிப்பதற்காக ஊரார் பணத்தில் வைத்த வசதியில், படியில் அமர்ந்துகொண்டு சரக்குப் பேரம் பேசுவது அந்நோக்கத்தில் அடங்குமா என்பதை அவரவர் மனசாட்சியே சொல்லட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் வெளிச்சம் குறைகிறதா? வைஃபையும் அப்படித்தானே? என் பேச்சால் அவருக்குக் குறைந்தது என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; அதற்கு விடை சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, வைஃபை விளக்கைப் போன்றதன்று. தண்ணீர்க் குழாயைப் போன்றது. ஒரே குழாயில் பத்துப் பேர் வாளி வைத்தால் ஒவ்வொருவருக்கும் வரும் நீர் மெலிந்துவிடும். இரண்டாவது, அவ்வழியில் என்ன அனுப்பப்பட்டாலும், விசாரணை என்று வந்தால் முதலில் பதில் சொல்ல அழைக்கப்படுகிறவர் அதன் சொந்தக்காரரே. அவர் அறியாமல் அவர் பெயரில் ஒரு பொறுப்பை நாம் ஏற்றிவைக்கிறோம். மூன்றாவது, ஒன்றுமே குறையவில்லையென்றே வைத்துக்கொள்வோம். நாம் கடையில் இல்லாத நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் வந்து, நம் தராசை எடுத்துத் தம் சரக்கை நிறுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். தராசு தேயவில்லை, படிக்கல் குறையவில்லை. ஆயினும் நமக்குச் சம்மதமாயிருக்குமா? கேட்டிருந்தால் மகிழ்ந்து கொடுத்திருப்போம் என்பது வேறு. கேட்காமல் எடுத்தார் என்பது வேறு. பொருள் குறைந்தால்தான் ஹக்கு மீறப்படும் என்பதில்லை. அனுமதி இல்லாமையிலேயே அது மீறப்பட்டுவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கையில் தாராளமாக இருக்கும் வசதியைப் பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளை பாடம் படிக்கக் கேட்கும்போது மறுப்பதும் அழகன்று. நேர்வழி எளியது. கேட்டு வாங்குவோம், அடிக்கடி உபயோகிப்பதானால் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுப்போம். 50 வெள்ளி மிச்சமாகிற இடத்தில் 10 வெள்ளி பங்கு கொடுத்தால் 40 வெள்ளி நேர்மையான மிச்சம். அந்த 40 வெள்ளியைப் பற்றி நாம் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

காத்திருப்பவர் யார்?

செலவு வெள்ளியாக மட்டும் பிறர் தலையில் ஏறுவதில்லை, காத்திருப்பாகவும் ஏறும். இது கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆகையால் கணக்கில் தப்பிவிடும்.

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த இக்கரைக்கு நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் ஓடிய காலத்தில், கப்பல் வந்தால்தான் செய்தி. தாயாரும் காத்திருந்தார், மகனும் காத்திருந்தார், சரக்கு அனுப்பியவரும் காத்திருந்தார். அக்காத்திருப்பு கடலின் குணம். எந்த மனிதருடைய பிழையும் அன்று. ஆனால் நொடியில் எட்டக்கூடிய காலத்தில், நம் மிச்சத்துக்காக நம்மை எட்டாதபடி செய்துகொண்டோமானால், அக்காத்திருப்பு கடல் விதித்ததன்று. நாம் பிறர்மேல் விதித்தது. பழைய காலத்தில் யாரும் குற்றவாளியல்லாத ஒரு தாமதம், இன்று ஒருவருக்கு நாம் இழைக்கும் குறையாக மாறிவிடுகிறது.

தஞ்சோங் டாவாயை எடுத்துக்கொள்வோம். மெர்போக் ஆறு கடலோடு சேரும் முகத்தில் நிற்கிறது அச்சிற்றூர். நெத்திலியும், கருவாடும், பிலாச்சானும் அதன் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். தரை வழியாகப் போவதானால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவ்வூரில் மீன் வாங்கி விற்கும் ஒருவருடைய ஒரு நாளைக் கவனியுங்கள். விடியுமுன் படகுத்துறை, பிறகு கருவாடு காயும் களம், பிறகு மெர்போக், செமெலிங் வழியாகச் சுங்கைப் பட்டாணி, மாலையில் கடை. வைஃபை இருப்பது கடையில். அவருடைய வியாபாரம் நடப்பதோ பெரும்பாலும் கடைக்கு வெளியே.

தொலைபேசி கடலோரத்தில் என்ன செய்தது என்பதற்குக் கேரளத்திலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் கரையோரத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைத்தொலைபேசி டவர்கள் படிப்படியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் அங்கே மத்தி மீன் வியாபாரத்தை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார். டவர் வருமுன், ஒரு துறையில் மீன் மிஞ்சி, வாங்க ஆளின்றிக் கடலிலேயே கொட்டப்படும். அதே காலையில் சில மைல் தள்ளியுள்ள துறையில் மீன் போதாமல் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். டவர் வந்தபின், படகுக்காரர் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை உண்டு என்று கேட்டறிந்து அங்கே போனார்கள். மீன் கொட்டப்படுவது ஏறக்குறைய நின்றேவிட்டது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம், வீணாவது மட்டும் குறைவு. வர்த்தகத்தில் இதைவிட நல்ல கணக்கு எது?

அந்நன்மைக்குக் காரணம், கரையோர டவர்களின் அலை 20, 25 கிலோமீட்டர் வரையில் கடலுக்குள் எட்டியதே. எந்தக் கடையின் வைஃபையும் கடலுக்குப் போகாது. படகுத்துறை வரையிலும் போகாது. படகுக்காரர் டவரில் இருக்கிறார். நாம் துறையில் வைஃபையைத் தேடிக்கொண்டு நிற்கிறோம். "செய்தி அனுப்பி வைக்கட்டும், கடைக்குப் போனதும் பார்த்துக்கொள்வோம்" என்றால், மீன் அதுவரை காத்திருக்குமா? அவர் அடுத்த எண்ணை அழைப்பார். கிலோவுக்கு 1 வெள்ளியே லாபம் என்று வைத்தாலும், 600 கிலோ நெத்திலி கைநழுவினால் ஓராண்டு மிச்சம் முழுவதும் ஒரே காலையில் போயிற்று. அது நம் நஷ்டம்; நாமே பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மை நம்பி நம் துறைக்குப் படகைத் திருப்பி வந்துவிட்டு, எட்ட முடியாமல் நின்ற மீனவரின் நஷ்டத்தை யார் பொறுப்பது? "உங்கள் மீனை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன வார்த்தைக்குள், "என்னை அழைத்தால் கிடைப்பேன்" என்ற வார்த்தையும் அடங்கியிருக்கிறது. வியாபாரியின் சொல்லே அவன் முதல் என்போமானால், கிடைப்பதும் அம்முதலின் ஒரு பகுதி.

இது எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கீழே மளிகைக் கடை, மேலே குடியிருப்பு என்று வாழ்கிறவருக்கு நாள் முழுவதும் தம் சொந்தக் கூரைதான். அவருக்கு மலிவுத் திட்டம் முழுச் சிக்கனம். பெரிய திட்டம் வைத்திருப்பதுதான் வீண் செலவு. பெருமைக்காகப் பெருந்திட்டம் வைத்திருப்பதும் ஒருவகை ஊதாரித்தனமே. ஆகவே தீர்ப்பு திட்டத்தின் மீதன்று. நம் நாளின் எத்தனை மணி நேரம் நம் கூரைக்குக் கீழ் கழிகிறது, எத்தனை பேர் அதற்கு வெளியே நம்மைத் தேடுகிறார்கள் என்பதன் மீதே.

சுவிட்ச் யார் கையில்?

இப்பொழுது நம்மிடம் வேலை செய்வோரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளிலும் உணவகங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைப்போர் பலர். அவர்கள் சம்பளத்தில் பெரும்பங்கு ஊருக்குப் போகிறது. மிகக் குறைந்த திட்டமே அவர்களுக்குக் கட்டுப்படியாகும். மனைவி மக்களோடு பேசுவதும், மகளின் பரீட்சை முடிவைக் கேட்பதும், தகப்பனாரின் உடல்நிலையை விசாரிப்பதும் முதலாளி வைத்துக்கொடுத்த வைஃபையில்தான்.

நன்று, அது முதலாளி செய்யும் உதவி. ஆனால் உதவியாகத் தொடங்கியது எப்பொழுது கடிவாளமாக மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கடை மூடியபின் பெட்டியை அணைத்துவிட்டுப் போனால் மின்சாரத்தில் சில காசு மிச்சம். ஆனால் நம் தொழிலாளிக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான். தமிழ்நாட்டில் அப்பொழுது மணி எட்டரை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம். அச்சில காசுக்காக அவன் வீட்டுக் குரலை நாம் அணைத்துவிடுகிறோம். வேலையில் பிழை செய்தான் என்று கோபித்துக் கடவுச்சொல்லை மாற்றுகிறவர் இருப்பாராயின், அவர் வைஃபையை நிறுத்தவில்லை. ஒரு மனிதனை அவன் தாயாரிடமிருந்து பிரித்து வைக்கிறார். சம்பளத்தைப் பிடித்து வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

சிக்கனத்தைப் பற்றிய ஆழமான உண்மை ஒன்று இங்கே வெளிப்படுகிறது. மலிவுத் திட்டத்துக்கு மாறுகிறவர் வெள்ளியை மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. தம் குரலின் சுவிட்சை இன்னொருவர் கையில் கொடுக்கவும் செய்கிறார். நாமே அந்த இன்னொருவராக இருக்கும்போது அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு ஏற்றபடி நடந்துகொள்வது நம் கடமை. தங்குமிடத்தில் வைஃபையை நிறுத்தாமல் வைப்பதோடு, வெளியே எட்டக்கூடிய ஒரு சிறு திட்டத்தையும் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்தால், அவன் முதலாளியின் சுவரைச் சார்ந்திராமலும் பேச முடியும். மிச்சமான 50 வெள்ளியில் ஒரு பகுதி அங்கே போகட்டும். அது செலவாக அல்ல, கணக்கு நேராவதாகவே கருதப்பட வேண்டும்.

ஆபத்து நாளில்

கடைசியாக ஒன்று. தொலைபேசியின் தேவை எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவையும் அதை அடுத்த கரையோரத்தையும் தாக்கியதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பெருகி வந்த வெள்ளம் யானையும் மெர்போக்கையும் புரட்டிப்போட்டதும் அண்மைய செய்தியே. அத்தகைய நாளில் மின்சாரம் முதலில் போகும். மின்சாரம் போனதும் வைஃபைப் பெட்டி கண்ணை மூடிவிடும். டவர்களில் சில மணி நேரத்துக்காவது பேட்டரி இருப்பது வழக்கம். அந்நேரத்தில் நம் தொலைபேசி டவரோடு பேசத் தெரிந்ததாயிருக்க வேண்டும்.

இந்நாட்டில் 2021 டிசம்பர் இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. பழைய தொலைபேசியை மலிவுத் திட்டத்தோடு சேர்த்து வைத்திருப்போர், அது 4ஜியில் பேச வல்லதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையேல், வைஃபையைவிட்டு வெளியே கால் வைத்ததும் பேச்சு அறுந்துபோகக்கூடும். ஆபத்துக் காலத்தில் 999-ஐ அழைப்பதற்கும் டவர் வழியே உத்தமம். வைஃபை வழியாக அழைத்தால் நாம் இருக்கும் இடத்தை அவர்கள் கண்டறிவது அவ்வளவு எளிதன்று. ஆகவே எவ்வளவு மலிவான திட்டமானாலும், டவரை அடியோடு கைவிடாத திட்டமாக இருக்கட்டும். வீட்டில் முதியவர் இருப்பாராயின் இது இன்னும் அவசியம். இதில் பிடிக்கும் மிச்சம் நம் தலையில் மட்டும் விழுவதில்லை. நம்மை அழைக்க முடியாமல் தவிப்பவர் தலையிலும், நம் அழைப்புக்காக ஓடிவர வேண்டியவர் தலையிலும் விழுகிறது.

நாம் சொல்ல வருவது

ஆகவே, வர்த்தக அன்பர்களே, மலிவுத் திட்டத்துக்கு மாறுவதா வேண்டாமா என்று கேட்டால், மாறுங்கள் என்றே சொல்வோம். ஆனால் மாறுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் உபயோகிக்கப்போகும் வைஃபை என்னுடையதா, அல்லது சொந்தக்காரர் மனமொப்பிக் கொடுத்ததா? என் கூரைக்கு வெளியே நான் இருக்கும்போது என்னைத் தேடி ஏமாறுகிறவர் எவரேனும் உண்டா? என் மிச்சத்துக்காக எனக்குக் கீழ் உள்ளவரின் குரல் யாருடைய சுவிட்சிலாவது மாட்டிக்கொள்கிறதா? ஆபத்து நாளில் இத்தொலைபேசி பேசுமா? நான்குக்கும் மனம் கூசாமல் விடை சொல்ல முடிந்தால், அந்த மிச்சம் முழுக்க முழுக்க நம்முடையது.

விடை சொல்ல முடியாவிட்டால், அதன் பெயர் சிக்கனம் அன்று. தேவையைக் குறைத்துச் செலவைக் குறைப்பது சிக்கனம். வீணைக் குறைத்துச் செலவைக் குறைப்பதும் சிக்கனம். தேவையும் அப்படியே இருக்க, செலவை மட்டும் அண்டை வீட்டார்மீதும், மீனவர்மீதும், தொழிலாளிமீதும் தள்ளிவிடுவது கடன் வாங்குவது. அதுவும் கொடுத்தவருக்குத் தெரியாமல் வாங்குவது.

நம் முன்னோர் இக்கரையில் கால் ஊன்றியது பெரு முதலைக் கொண்டல்ல. எடையில் குறைக்க மாட்டார், சொன்ன சொல்லில் நிற்பார், தேடினால் கிடைப்பார் என்ற பெயரைக் கொண்டே அவர்கள் கடனுக்குச் சரக்குப் பெற்றார்கள், கடை வைத்தார்கள், நமக்கும் விட்டுச்சென்றார்கள். மாதம் 50 வெள்ளி மிச்சமாவது நல்லதே. அந்த 50 வெள்ளி யாருடைய பையிலிருந்து வந்தது என்று கேட்டறிந்த பிறகு அதை நம் பையில் போட்டுக்கொள்வோம்.